முதல் வசனம் கடைசியில

(கல்லூரிக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடை. காலை 8.40. விஸ்காம் மாணவி தேன்மொழி பென் டிரைவோடு ஓடி வருகிறாள்.)

தேன்மொழி: அண்ணா, ஏ3 கலர், 12 ஷீட். முன்னாடி படம், பின்னாடி வசனம்.

கடைக்காரர்: கல்யாணப் பத்திரிகையா?

தேன்மொழி: ப்ரசன்டேஷன்ணா. ‘ரஷோமோன்’னு ஜப்பான் படம். பிபிடி போட்டா கிளாஸே தூங்கிடும். அதான் கமிஷிபாய்.

கடைக்காரர்: எந்த பாய்?

தேன்மொழி: பாய் இல்லண்ணா, அட்டைப்படக் கதை. ஜப்பான்ல ஒரு காலத்துல சைக்கிள் பின்னாடி மரப்பெட்டி வச்சுக்கிட்டு வந்து, கட்டையைத் தட்டிப் பசங்களைக் கூட்டுவாங்க. மிட்டாய் வித்துட்டுக் கதை சொல்லுவாங்க. முன் அட்டையைப் பக்கவாட்டுல உருவிப் பின்னாடி சொருகணும்.

கடைக்காரர்: மிட்டாய் எங்க?

தேன்மொழி: இந்தாங்க, கமர்கட்.

கடைக்காரர்: (மென்றபடி) ம்ம்... கோடு கோடா விழுதே, டோனர் போச்சா?

தேன்மொழி: ஐயோ, அது மழை! வெறும் தண்ணி கேமராவுல எடுபடலைன்னு டைரக்டர் குரோசாவா கறுப்பு மை கலந்து பெய்ய வச்சாரு.

கடைக்காரர்: பொழச்சேன். கதை என்ன?

தேன்மொழி: ஒரு சாவு, நாலு பேர் நாலு விதமா சொல்றாங்க. அதுல ஒருத்தர் செத்தவரே! ஆவியா வந்து சாட்சி சொல்றாரு.

கடைக்காரர்: நம்ம சிவாஜி நடிச்ச ‘அந்த நாள்’ மாதிரியில்ல இருக்கு? பாட்டே இல்லாத படம்.

தேன்மொழி: அது 1954, இது 1950. ‘அந்த நாள்’ டைரக்டர் எஸ். பாலசந்தருக்குப் பொறி தட்டுனதே இதுலதான். இதுல நீதிபதியோட முகமும் கிடையாது, குரலும் கிடையாது. சாட்சிங்க நேரா நம்மளைப் பார்த்துப் பேசுவாங்க. நான் எச்ஓடியைப் பார்த்துப் பேசப் போறேன்.

கடைக்காரர்: மார்க் போடறவராச்சே. சரி, முதல் படத்துக்குப் பின்னாடி முதல் வசனம்...

தேன்மொழி: அங்கதான்ணா எல்லாரும் சொதப்புவாங்க! முதல் படத்தைக் கிளாஸுக்குக் காட்டும்போது எனக்குத் தெரியறது கடைசி அட்டையோட முதுகு.

(கடைக்காரர் நாலு விசிட்டிங் கார்டை அடுக்கித் தூக்கிப் பிடிக்கிறார்.)

கடைக்காரர்: அட, ஆமா! உனக்குப் பூக்கடை, எனக்கு ஏசி மெக்கானிக்.

தேன்மொழி: அதனால முதல் வசனம் 12-க்குப் பின்னாடி. ரெண்டாவது வசனம் 1-க்குப் பின்னாடி. மூணாவது 2-க்கு.

கடைக்காரர்: உன் ஃபைல்ல வசனம், படம், வசனம், படம்னுதானே இருக்கு? முதல் வசனத்தை மட்டும் தூக்கிக் கடைசியில போட்டா எல்லாம் தானா நகர்ந்துடும்.

தேன்மொழி: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதுக்குத்தான்ணா மண்டையை உடைச்சேன்!

கடைக்காரர்: 250 ஜிஎஸ்எம் கெட்டி அட்டை, மெஷினோட உள் ட்ரேல போட்டா சிக்கும். பக்கவாட்டு பைபாஸ் ட்ரேல ஒண்ணொண்ணா விட்டு, கையால திருப்பணும். அதுவும் பக்கவாட்டுல. மேல-கீழ புரட்டுனா உனக்கு வசனம் தலைகீழா வரும். லேமினேஷன்?

தேன்மொழி: வேணாம். டியூப்லைட் பட்டா பின் பெஞ்சுக்கு வெறும் பளபளப்புதான் தெரியும். வழுக்கவும் செய்யும். கொள்ளைக்காரன் வாளை உருவுற அட்டையைப் பாதியில நிறுத்தணும், வழுக்குனா சஸ்பென்ஸ் போச்சு.

கடைக்காரர்: மொத்தம் எவ்வளவு நேரம்?

தேன்மொழி: 88 நிமிஷப் படம். எனக்குப் பத்து நிமிஷம்தான். காசை மத்தியானம் தரட்டுமாண்ணா?

கடைக்காரர்: வசனம்தான்மா கடைசியில. காசு முதல்ல.