டிடர்ஜென்ட்டைக் கூட்டினால் நாற்றம் போகாது

வாஷிங் மெஷினில் நாற்றம் வந்தால் டிடர்ஜென்ட்டை இரண்டு மடங்காகப் போட்டால் போய்விடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

அலசும்போது மெஷின் எடுக்கும் தண்ணீரால் ஓரளவு சோப்பைத்தான் வெளியேற்ற முடியும். முன்பக்கம் கதவுள்ள மெஷின்களில் தண்ணீர் இன்னும் குறைவு. மிஞ்சும் சோப்பு, துணியிலிருந்து வந்த அழுக்கோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து டிரம்மின் வெளிப்புறத்திலும் கதவு ரப்பரின் மடிப்பிலும் வழவழப்பாகப் படிகிறது. டிரம்மின் வெளிப்புறம் நம் கண்ணுக்கே தெரியாது. ஈரமும் காயாமல் இருந்தால் அங்கே பாக்டீரியாவும் பூஞ்சையும் தாராளமாக வளரும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. கூடுதல் டிடர்ஜென்ட்டின் வாசனை அதைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே பார்க்கலாம். துணியும் போடாமல், டிடர்ஜென்ட்டும் போடாமல், 60 டிகிரி சூட்டில் ஒரு சுற்று ஓட விடுங்கள். பாதியில் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மேல்மூடி மெஷின் என்றால் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். நுரை நிறைய வந்தால் அது முன்பு போட்டதில் மிஞ்சிய சோப்பு. அப்புறம் ரப்பர் மடிப்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தும் பாருங்கள்.

உப்புத் தண்ணீருக்கு டிடர்ஜென்ட் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும், அது உண்மை. அந்த அளவையும் பாக்கெட்டின் பின்புறத்திலேயே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் வேண்டாம். நுரை அடங்கும்வரை இந்த வெறும் சுற்றை இன்னொரு முறை ஓட விடலாம்.