கடைசி வாரத்தில் வந்த படிவமும் நான் போட்ட நாலும்

முதுநிலை இரண்டாம் ஆண்டின் கடைசி வாரம். ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மின்னஞ்சலில் ஒரு பீட்பேக் படிவம் வந்திருந்தது. பக்கம் பக்கமாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். அதில் ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "நெறியாளரின் வழிகாட்டுதல் எனக்குத் திருப்தியளித்தது." என் நெறியாளர் அதற்கு முந்தைய இரண்டரை மாதமாக என் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்கப் போனால் "பார்க்கிறேன்மா" என்பார். கடைசியில் ஒரு திருத்தமும் இல்லாமல்தான் அந்த அத்தியாயம் ஆய்வேட்டுக்குள் போனது.

அந்தக் கேள்விக்கு நான் நாலு போட்டேன்.

அந்த ஆண்டு அவரிடம் ஆய்வேடு செய்தவர்கள் மூன்றே பேர். படிவத்தின் தலைப்பில் "உங்கள் அடையாளம் வெளியே தெரியாது" என்று எழுதியிருந்தார்கள். பெயரைக் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் துறை எது, நெறியாளர் யார், முழுநேரமா பகுதிநேரமா, ஆணா பெண்ணா என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். அந்த மூவரில் பெண் நான் ஒருத்திதான். வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, இன்னும் முடியவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதமும் அவரிடமே வாங்க வேண்டும்.

இப்போது நானே முதுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு மாணவர் திருப்திக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. துறையின் சராசரி 4.1. கூட்டத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த நிம்மதி வரவில்லை. அந்த 4.1-க்குள் நான் போட்டதைப் போன்ற நாலுகள் எத்தனை இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளநிலைக்கு எழுதிய கேள்வித்தாளை அப்படியே எடுத்து முதுநிலைக்குக் கொடுப்பது பெரிய தவறு. பால் ராம்ஸ்டன் 1991-ல் வெளியிட்ட பாட அனுபவக் கேள்வித்தாள்தான் இந்தத் துறையில் பலருக்கும் முன்மாதிரி. கற்பித்தல் எப்படி, இலக்குகள் தெளிவாக இருந்தனவா, பாடச்சுமை தாங்கும்படி இருந்ததா, மதிப்பீடு பொருத்தமானதா, சுயமாகப் படிக்க இடம் இருந்ததா என்று அது கேட்கும். நல்ல கேள்விகள். வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இவை பொருந்தும். ஆனால் ஆய்வு மாணவருக்கு வகுப்பறையே கிடையாது. அவருடைய பல்கலைக்கழகம் என்பது ஏறக்குறைய ஒரே ஒரு மனிதர், அவருடைய நெறியாளர். பிரிட்டனில் ஆய்வு மாணவர்களுக்கென்று 2007-லும், பாடவழி முதுநிலை மாணவர்களுக்கென்று 2009-லும் தனித்தனிக் கணக்கெடுப்புகளைத் தொடங்கியது இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டதால்தான். பல இடங்களில் இன்னும் எல்லோருக்கும் ஒரே படிவம்தான்.

அடுத்தது எதிர்பார்ப்பு. திருப்தி என்பது தனியாக நிற்கும் பொருள் இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் மனிதர்கள் திருப்தி என்று சொல்கிறார்கள் என்பதை 1980-ல் ரிச்சர்ட் ஆலிவர் நுகர்வோர் ஆய்வில் விளக்கினார். முதுநிலைக்கு வருகிறவர் ஏற்கனவே ஒரு பட்டத்தை முடித்தவர். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. என் வகுப்பில் பத்து வருட வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த ஒருவர் இருந்தார். பக்கத்து இருக்கையில், வேலை கிடைக்கும்வரை படித்து வைப்போம் என்று வந்த இளைஞர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம். இருவரும் மூன்று போட்டால், இவர் போட்ட மூன்றும் அவர் போட்ட மூன்றும் ஒன்றாகுமா? முதல் வாரத்தில் "எதற்காக வந்திருக்கிறீர்கள்" என்று கேட்டு எழுதி வைக்காத துறைக்குக் கடைசி வாரத்து எண்ணை வாசிக்கவே தெரியாது.

சரி, கூட்டங்களில் எல்லோரும் கைதட்டும் அந்தச் சராசரிக்கு வருவோம். எட்டுப் பேர் படிக்கும் ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரும் மூன்று போட்டால் சராசரி 3. நான்கு பேர் ஐந்தும் நான்கு பேர் ஒன்றும் போட்டாலும் அதே 3. முதல் துறை சோர்ந்து கிடக்கிறது. இரண்டாவது துறையில் பாதிப் பேரை யாரோ நன்றாகக் கவனிக்கிறார்கள், மீதிப் பேரைக் கைவிட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு, அறிக்கையில் வரும் எண் ஒன்று. அப்புறம், அந்த எட்டுப் பேரில் ஒருவர் மனம் மாறி ஐந்துக்குப் பதில் ஒன்று போட்டாலே சராசரி அரைப் புள்ளி இறங்கிவிடும். ஒற்றை ஆளின் மனநிலையில் இவ்வளவு ஆடும் எண்ணை வைத்துக்கொண்டு "போன வருடத்தைவிட 0.2 கூடியிருக்கிறது" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். சிறிய பிரிவுகளுக்குச் சராசரியே போடக் கூடாது என்பது என் கருத்து. யார் எத்தனை போட்டார்கள் என்ற பங்கீட்டைக் காட்டுங்கள், போதும்.

நூலகம், வைஃபை, விடுதி, நெறியாளர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவதும் இதே வகைதான். வைஃபை சரியாக வருகிறது என்பதால் யாருக்கும் ஆராய்ச்சியில் ஆர்வம் பிறக்காது, வராவிட்டால் எரிச்சல் வரும். அவ்வளவுதான். அதையும் நெறியாளர் அத்தியாயத்தைப் படிப்பதையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

இந்த இடத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் வேறு மாதிரி பேசுவார். "மாணவர் திருப்தியை அளப்பதே வீண். பிடித்திருக்கிறது என்பதும் கற்றுக்கொண்டார் என்பதும் வேறு வேறு." அவர் பக்கம் வலுவான சான்றுகள் உண்டு. 1970-ல் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் நிபுணராக அறிமுகப்படுத்தி, உள்ளீடே இல்லாத, முன்னுக்குப் பின் முரணான ஒரு உரையைச் சிரிக்கச் சிரிக்கப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். பெரும்பாலோர் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். உயர்படிப்பு படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க முடியாது. 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் நேர்த்தியான விரிவுரை கேட்டவர்கள்தான் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். உண்மையான கற்றல் சிரமமாக இருக்கும். சிரமப்படும்போது யாரும் ஐந்து போடுவதில்லை.

இதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அளப்பதையே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. 2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் ஆறு மடங்குக்கு மேல் காணப்பட்டதாக அது சொன்னது. விருப்பமுள்ளவர்கள் பதிலளித்த ஆய்வு என்பதால் அந்த ஆறு மடங்கை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்கள் நெறியாளரிடமிருந்து உண்மையான வழிகாட்டுதல் கிடைக்கிறது என்ற கூற்றை ஏற்கவில்லை. இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை. இரண்டரை மாதம் பதிலுக்குக் காத்திருந்த நாட்கள்தான் திரும்ப வந்தன. ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறாரா என்று தீர்ப்புச் சொல்ல மாணவரின் மதிப்பெண் போதாமல் இருக்கலாம். தான் கவனிக்கப்படுகிறோமா, கைவிடப்பட்டோமா என்பது மாணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அதனால்தான் கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறேன். "திருப்தியா?" என்று கேட்டால் நாலு வரும். "கடந்த 30 நாட்களில் நெறியாளரை எத்தனை முறை சந்தித்தீர்கள்? கடைசியாகக் கொடுத்த எழுத்து எத்தனை நாளில் திரும்பி வந்தது? அதில் திருத்தம் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். நடந்ததைச் சொல்வது குற்றம் சாட்டுவது ஆகாது என்பதால் மாணவருக்குப் பயம் குறையும். பதில் வாங்குபவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். 3.4 என்ற எண்ணைப் பார்த்து எந்தத் துறைத் தலைவரும் எதையும் செய்ய முடியாது. "ஆறு பேரின் அத்தியாயங்கள் 60 நாளுக்கு மேல் கிடக்கின்றன" என்று தெரிந்தால் அன்றே கேட்கலாம்.

பெயர் தெரியாமல் காப்பது பற்றியும் நேர்மையாக இருக்க வேண்டும். பதில் சொன்னவர்கள் பத்துப் பேருக்குக் குறைந்தால் முடிவை வெளியிடுவதில்லை என்று வரம்பு வைத்துக்கொள்ளும் கணக்கெடுப்புகள் உண்டு. ஓர் ஆண்டுப் பதில்களை மட்டும் வைத்து நெறியாளர் வாரியாகப் பிரித்துப் பார்க்கவே கூடாது. மூன்று ஆண்டுப் பதில்களைச் சேர்த்த பிறகு பார்க்கலாம். பதில்களைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் வாங்க வேண்டும். வைவா முடிந்து, பட்டம் கைக்கு வந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்க வேண்டும். அப்போது சொல்லும் பதில் வேறாக இருக்கும், என்னுடையது நிச்சயம் வேறாக இருந்திருக்கும். பாதியில் விட்டுப் போனவர்களிடமும் கேட்க வேண்டும். கடைசி வாரத்துப் படிவம் அவர்களைத் தேடிப் போவதே இல்லை. மிக அதிகமாகச் சொல்வதற்கு இருப்பவர்கள் அவர்கள்தான்.

நேரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். படிப்பு முடியும் வாரத்தில் கேட்டால், பதில் சொல்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. தனக்கு ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரிந்தவர் எல்லாவற்றுக்கும் ஒரே கோட்டில் நாலு நாலாகப் போட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு மாணவர்கள் சொன்னதால் என்ன மாறியது என்று இவருக்கு யாராவது சொன்னார்களா?

போன பருவத்தில் என் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். ஆறாவது வாரத்தில் எல்லோருக்கும் ஒரு வெற்றுத்தாள் கொடுத்து இரண்டே கேள்வி கேட்டேன். நீங்கள் கற்றுக்கொள்ள எது உதவுகிறது, எது தடுக்கிறது. எழுதி மடித்து வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுக்கச் சொன்னேன். கையெழுத்து எனக்குத் தெரியக் கூடாது என்று அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். பாதிப் பேருக்கு மேல் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: வகுப்புக்கு முந்தைய இரவுதான் நான் கட்டுரைகளை அனுப்புகிறேன், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களால் படித்துவிட்டு வர முடியவில்லை. ஒருவர் எழுதியிருந்தார், "படிக்காமல் வந்ததால் வாயைத் திறக்கவில்லை, நீங்கள் எனக்கு ஆர்வமில்லை என்று நினைத்திருப்பீர்கள்." அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்த வகுப்பில் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்துவிட்டு, அன்றிலிருந்து பத்து நாள் முன்பே அனுப்பினேன். அதுவரை பேசாத நான்கு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

ஆறு வாரம் அவர்களை வாய் மூடி உட்கார வைத்துவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது. அடுத்த பருவத்தில் அந்தத் தாளை மூன்றாவது வாரமே கொடுக்கப் போகிறேன்.