மதுவைத் திருப்பி எடுத்துச் செல்கிறவருக்கு யார் கூலி கொடுப்பது?

உணவகம் ஒன்று தான் சமைத்த உணவோடு மதுவையும் வாடிக்கையாளரின் வீட்டுக்கே அனுப்பலாமா என்னும் கேள்வி, பெருந்தொற்றுக் காலத்தில்தான் இவ்வளவு பரவலாகப் பேசப்படும் கேள்வியாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் உணவகங்களின் மேசைகள் காலியானபோது, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் அவசரகாலச் சலுகையாக இதற்கு இடம் கொடுத்தன. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் கலந்து தயாரிக்கும் காக்டெயில்களைப் பார்சலாக விற்கும் அனுமதியை அயோவா மாநிலம் அதே ஆண்டு ஜூனில் நிரந்தரச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. ஒன்டாரியோ டிசம்பரில் தன் சலுகையை நிரந்தரமாக்கியது. நியூயார்க்கின் சலுகை 2021 ஜூனில் அவசரநிலை முடிந்ததும் ஏறக்குறைய ஒரே நாள் அறிவிப்பில் முடிவுக்கு வந்து, 2022 ஏப்ரலில் புதிய நிபந்தனைகளுடன் திரும்ப வந்தது. நெருக்கடிக்காகத் திறக்கப்பட்ட கதவு நெருக்கடி போன பின்னும் திறந்தே இருக்கிறது என்பதால், அந்தக் கதவின் விதிகளை இப்போதாவது நிதானமாக எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் இந்த அனுமதிக்கு எதிரானவன் அல்லன். விதிகளை எழுதுகிறவர்கள் தங்கள் கவனத்தில் பெரும்பகுதியைத் தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள் என்பதே என் குறை. எது உணவு, எது மூடி, எது முத்திரை என்பதற்குப் பக்கம் பக்கமாக வரையறை இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று, கதவைத் திறப்பவருக்கு மதுவைக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய மனிதரைப் பற்றியோ பெரும்பாலும் ஓரிரு வரிகளே இருக்கின்றன.

முதலில் உணவு நிபந்தனை. உணவு வாங்கினால்தான் மது என்னும் விதி கேட்பதற்கு ஒழுங்காகத் தெரிந்தாலும், அதன் வரலாறு சிரிப்பை வரவழைப்பது. நியூயார்க் மாநிலத்தில் 1896ஆம் ஆண்டு வந்த ரெய்ன்ஸ் சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கூடங்களை மூடச் சொல்லி, விடுதிகள் மட்டும் தங்கள் விருந்தினருக்கு உணவோடு மது பரிமாறலாம் என்று விலக்கு அளித்தது. பத்து அறைகளாவது இருந்தால் அது விடுதி. மதுக்கூட உரிமையாளர்கள் மாடியில் பத்து அறைகளைத் தடுத்து எழுப்பினார்கள், மேசைமேல் ஒரு சாண்ட்விச்சை வைத்தார்கள். யாரும் கடித்துப் பார்க்காத அந்தச் சாண்ட்விச் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நாள் முழுக்கப் பயணம் செய்தது. ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, 2020 கோடையில், மதுவோடு உணவும் வாங்கியாக வேண்டும் என்று அதே மாநிலத்தின் ஆளுநர் ஆன்ட்ரூ குவோமோ உத்தரவிட்டபோது, ஒரு மதுக்கூடம் ஒரு டாலருக்குச் சில உருளைக்கிழங்கு வறுவல்களை விற்று அவற்றுக்கு ஆளுநரின் பெயரையே வைத்தது. பிறகு வறுவல் உணவாகாது என்று மதுபான ஆணையம் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பல பகுதிகளில், கணிசமான உணவு உண்பவருக்கே மது என்ற கட்டுப்பாடு வந்தது. இறைச்சி பொதிந்து பொரித்த ஒற்றை முட்டை கணிசமான உணவாகுமா என்று அமைச்சர்கள் ஊடகங்களில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பண்டத்தை வரையறுத்துக் குடிப்பழக்கத்தைக் கட்டுப்படுத்த முயலும் சட்டம் ஒவ்வொரு முறையும் சமையலறையிடம் தோற்றுவிடுகிறது.

இருந்தாலும் உணவு நிபந்தனையை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வயிற்றில் உணவு இருக்கும்போது மது இரைப்பையிலேயே சற்று அதிக நேரம் தங்கி, அதன் பெரும்பகுதியை உறிஞ்சும் சிறுகுடலுக்கு மெதுவாகவே செல்கிறது. அதனால் இரத்தத்தில் அதன் அளவு திடீரென்று உயர்வதில்லை. அதைவிட முக்கியமான காரணம், உணவகத்துக்குக் கொடுக்கப்பட்ட உரிமம் மதுக்கடைக்கான உரிமம் அன்று என்பதாகும். உணவே முதன்மை, மது அதற்குத் துணை என்னும் அடிப்படையில் வழங்கப்பட்ட உரிமத்தை வைத்துக்கொண்டு நள்ளிரவில் மது மட்டும் அனுப்பும் கிடங்காக ஓர் உணவகம் மாறிவிடக் கூடாது. ஆகவே எந்தப் பண்டம் உணவு என்று பட்டியலிடுவதைவிட, ஓர் உணவுக்கு எவ்வளவு மது என்று அளவு சொல்லிவிடுவதே நேரான வழி. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம், உண்மையான ஓர் உணவுக்கு இரண்டு பானங்கள் என்று எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டது. நியூயார்க்கின் 2022 சட்டம் ஒயினையும் விஸ்கி போன்ற கடின மதுவையும் முழுப் புட்டியாக அனுப்பக் கூடாது என்றது.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பானம் என்றால் எவ்வளவு என்பதில் நாடுகளிடையே ஒப்புதல் இல்லை: ஆஸ்திரேலியாவின் நிலையான ஒரு பானத்தில் 10 கிராம் தூய ஆல்கஹால், அமெரிக்காவினதில் 14 கிராம், பிரிட்டனின் ஓர் அலகில் 8 கிராம். உணவகம் தாராள மனத்தோடு ஊற்றும் ஒரு காக்டெயில் இவற்றுள் எதையும் எளிதாகத் தாண்டிவிடும். எனவே விதி குவளைக் கணக்கில் பேசாமல் கிராம் கணக்கில் பேச வேண்டும்; அந்த எண்ணைப் புட்டியின் மேல் ஒட்டவும் வேண்டும். வீட்டில் குடிப்பவருக்குத் தாம் எவ்வளவு குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

மூடி, முத்திரை, ஒட்டுச்சீட்டு ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. திறந்தால் தெரியும்படி மூட வேண்டும், உறிஞ்சுகுழல் நுழையும் துளை இருக்கக் கூடாது, வண்டி ஓட்டுபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கக் கூடாது. இவை தேவையான விதிகள், எளிதில் கடைப்பிடிக்கக்கூடியவை, அவ்வளவே.

இனி வாசலுக்கு வருவோம். உணவகத்துக்குள் மது பரிமாறுபவர் ஒரு வாடிக்கையாளரை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பார்க்கிறார். முதல் குவளைக்கும் மூன்றாவது குவளைக்கும் இடையில் குரல் எப்படி மாறியது, நடை எப்படித் தளர்ந்தது என்பது அவர் கண்ணில் படுகிறது. போதும் என்று அவர் சொல்லும்போது பின்னால் மேலாளர் நிற்கிறார், சுற்றிலும் மற்ற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். டெலிவரி ஊழியருக்குக் கிடைப்பதோ அரை நிமிடம், ஓர் இருண்ட படிக்கட்டு, முன்பின் தெரியாத ஒரு முகம். அந்த அரை நிமிடத்துக்குள் கதவைத் திறந்தவரின் வயதை அடையாள அட்டையில் சரிபார்த்து, அட்டையிலுள்ள படமும் எதிரில் நிற்பவரும் ஒருவர்தாமா என்று ஒப்பிட்டு, அவர் ஏற்கெனவே போதையில் இருக்கிறாரா என்று கணித்து, இருந்தால் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டுத் தனியாகப் படியிறங்க வேண்டும். குடித்தவரிடம் இல்லை என்று சொல்வது எத்தனை கடினம் என்பதை அறிய எவருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படாது.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பவருக்கு ஊதியம் பெரும்பாலும் ஆர்டர் கணக்கில்தான் வருகிறது. பொருளைக் கொடுத்துவிட்டால் ஆர்டர் முடிந்தது, பணம் வந்துவிடும், அடுத்த ஆர்டருக்குப் போகலாம். மறுத்தால் செயலியில் காரணம் பதிவு செய்ய வேண்டும், உதவி மையத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பொருளை உணவகத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும், கோபம் கொண்ட வாடிக்கையாளர் தரும் குறைந்த மதிப்பெண்ணையும் தாங்க வேண்டும். சட்டம் மதுவை மறுக்கச் சொல்கிறது, கூலியோ மதுவைக் கொடுத்துவிடச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது எது வெல்லும் என்று எதிர்பார்க்கிறோம்?

இதை ஓரளவு புரிந்துகொண்டு எழுதப்பட்ட சட்டம் என்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தைச் சொல்வேன். ஆர்டர் செய்த அன்றே மதுவை வீட்டுக்கு அனுப்பும் சேவைகளுக்காக 2021 ஜூலை முதல் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகள், வயதை ஆர்டர் செய்யும்போதே சரிபார்க்கச் சொல்கின்றன. போதையில் இருப்பவரிடம் மதுவைக் கொடுப்பதைக் குற்றமாக்குகின்றன. எடுத்துச் செல்பவர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டப்படி மறுத்த ஊழியருக்கு அந்த மறுப்பினால் பண இழப்பு நேரக் கூடாது என்கின்றன. இந்தக் கடைசி விதி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மற்ற விதிகள் காகிதத்திலிருந்து வாசலுக்கு வந்து சேர்வது அதை நம்பித்தான் இருக்கிறது. நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: மறுத்தவருக்குத் திரும்பி வரும் தூரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும், அந்த ஆர்டருக்கு வாடிக்கையாளர் மதிப்பெண் இடும் வசதியை முடக்கிவிட வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பது அடுத்த சிக்கல். போதையில் இருப்பவருக்கோ சிறுவருக்கோ மது பரிமாறி, அதனால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் பரிமாறிய கடையே இழப்பீடு தர வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. மது வீட்டுக்குப் போகும்போது அந்தப் பொறுப்பு நழுவத் தொடங்குகிறது. எங்கள் கதவைத் தாண்டியதோடு எங்கள் வேலை முடிந்தது என்று உணவகம் சொல்லலாம். நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்று செயலி நிறுவனம் சொல்லலாம். எடுத்துச் சென்றவரோ எவருடைய ஊழியரும் அல்லர், சுயதொழில் செய்யும் பங்காளர் என்று ஒப்பந்தம் சொல்லலாம். கடைசியில் அபராதச் சீட்டு, மூவரில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரின் கையில் போய் நிற்கும். கலிபோர்னியாவின் சட்டம், உணவகத்தின் பார்சல் மதுவை வாடிக்கையாளரே நேரில் வந்து பெற வேண்டும் என்று சொல்லி இந்தச் சிக்கலை அடியோடு தவிர்த்தது. அதன் தர்க்கம் புரிகிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு குவளை குடித்தவரை இன்னொன்றுக்காக வண்டியெடுத்து வரச் சொல்லும் விதி, பாதுகாப்பின் பெயரால் எழுதப்பட்டிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற உணவகத்தின் பொறுப்பு வாசல்வரை தொடர வேண்டும், செயலி நிறுவனமும் தனியாக ஓர் உரிமம் பெற்று அதில் பங்கேற்க வேண்டும், தவறு தொடர்ந்தால் இரண்டு உரிமங்களும் ரத்தாக வேண்டும் என்பதே நியாயமாகத் தோன்றுகிறது.

தொழில்நுட்பம் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். அடையாள அட்டையைப் படம் பிடிக்கும் மென்பொருள் வயதைச் சொல்லும். எதிரில் நிற்பவர் நிதானமாக இருக்கிறாரா என்று சொல்லாது. போதாக்குறைக்கு, யார் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்கிறார் என்னும் விவரம் முழுவதும் ஒரு வணிக நிறுவனத்தின் கையில் சேர்கிறது. அதைக் கொண்டு தினமும் குடிப்பவருக்கு மாலை ஏழு மணிக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவது அந்த நிறுவனத்துக்கு மிக எளிது. மது சார்ந்த தள்ளுபடி அறிவிப்புகளைச் செயலிகள் அனுப்பக் கூடாது என்று தடை போடாமல், அடையாள அட்டையைப் பற்றி மட்டும் கவலைப்படுவது பாதி வேலை. குடிப்பதை நிறுத்த முயல்பவர் தமக்கு மது விற்க வேண்டாம் என்று தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியையும் நியூ சவுத் வேல்ஸ் கட்டாயமாக்கியது. கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீடு திரும்பலாம். கையிலிருக்கும் கைபேசியைச் சுற்றிப் போக வழியில்லை என்பதால், இது எங்கும் இருக்க வேண்டிய விதி.

முழுவதுமாகத் தடை செய்துவிடுவதே நல்லது என்று நினைப்பவர்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் உலகெங்கும் 26 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டுக்குள் குடிப்பதன் விளைவைக் குடிப்பவர் மட்டும் அனுபவிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் மதுக்கடைகள் முழுப் புட்டிகளை வீட்டுக்கே அனுப்பலாம் என்று அனுமதித்திருக்கும் ஓர் இடத்தில், உணவோடு இரண்டு குவளை அனுப்பும் உணவகத்தை மட்டும் தடுப்பதால் குறைவது மது அன்று, உணவகத்தின் வருமானமே. புட்டிகளுக்கும் அனுமதி இல்லாத இடத்தில் இந்த வாதம் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே கேள்வி வேறு, அதற்கான விடையும் வேறாக இருக்கலாம்.

கடைசியாக, விதி எழுதுபவர்கள் சிறியது என்று தள்ளிவிடக்கூடிய ஒன்று. உணவையும் மதுவையும் ஒரே பையில் போட்டு முத்திரையிடும் வழக்கத்தை விதி அனுமதிக்கக் கூடாது. இரண்டும் ஒரே பையில் இருந்தால், மதுவை மறுக்க நினைக்கும் ஊழியர் பசியோடு இருக்கும் ஒரு குடும்பத்தின் உணவையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே பலர் பையை நீட்டிவிடுவார்கள். தனித்தனிப் பைகளாக இருந்தால் உணவைக் கொடுத்துவிட்டு மதுவை மட்டும் திருப்பி எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்த மதுவின் விலையை வாடிக்கையாளரிடம் வசூலிப்பதா, உணவகம் ஏற்பதா என்பதையும் ஆர்டர் செய்யும் திரையிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கலந்து மூடிய காக்டெயிலை மறுபடி விற்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். அந்த நட்டத்தை உணவகமோ வாடிக்கையாளரோ ஏற்கட்டும். எடுத்துச் சென்றவரின் கூலியில் அது ஒரு காசுகூடக் கழிக்கப்படக் கூடாது.