டன்விச் மடத்தை விட்டுட்டீங்களே

இங்கிலாந்து கடலோர கிராமத்து பழைய மடங்கள் எல்லாம் எட்டாம் ஹென்றி ராஜா காலத்துல அழிஞ்சுதுன்னு உங்க தொடர் கட்டுரையில இருக்கு, அது பாதிதான் சார், மீதி கடல் பண்ண வேலை. கிழக்கு இங்கிலாந்துல சஃபோக்னு ஒரு மாவட்டம், அங்க டன்விச்னு ஒரு ஊரு, ஒரு காலத்துல பெரிய துறைமுகம், இப்ப சின்ன கிராமம், மிச்சத்தை கடல் கொண்டு போயிடுச்சு. அங்க கிரேஃப்ரையர்ஸ்னு பிரான்சிஸ்கன்ங்கற கத்தோலிக்கத் துறவிகளோட மடம், முதல்ல கட்டுனது 1280கள்ல வந்த புயல்ல அடிபட்டு 1290ல உள்ள தள்ளி புதுசா கட்டுனாங்க. அதைத்தான் 1538ல ஹென்றி மூடுனாரு. இப்ப நிக்கிறது சுத்துச்சுவரும் ரெண்டு வாசலும் கொஞ்சம் கட்டடமும்தான், ஆனா அந்த சிக்கிமுக்கிக் கல்லு சுவரை கிட்டப் போய் பாத்தா அப்படி ஒரு அழகு.

மனசை பிசைஞ்சது ஆல் செயின்ட்ஸ் சர்ச் கதைதான். மண்ணும் மணலுமா இருக்குற கடலோர மேடு, அலை அடியில அரிக்க அரிக்க மேல இருக்கறது சரியும், அப்படி 1904ல இருந்து 1919க்குள்ள அந்த சர்ச் துண்டு துண்டா கீழ விழுந்துச்சு. அதுல சுவரைத் தாங்கி நிக்கிற ஒரே ஒரு முட்டுச்சுவரை மட்டும் காப்பாத்தி செயின்ட் ஜேம்ஸ் சர்ச் வளாகத்துல நிறுத்தியிருக்காங்க, நான் அதை தொட்டுப் பாத்தேன், கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துலயே தொழுநோயாளிகளுக்கு இருந்த பழைய ஆஸ்பத்திரியோட சேப்பல், அதாவது சின்ன ஜெபக்கூடம், அதோட இடிபாடும் இருக்கு, அதையும் யாரும் எழுதறதில்ல.

இவ்வளவு ஊரு போன பிறகும் 1832 வரைக்கும் டன்விச்சுக்கு பார்லிமென்ட்ல ரெண்டு எம்பி! அடுத்த பகுதியில தயவுசெஞ்சு இந்த ஊரை சேருங்க.