மன உறுதி புற்றுநோயைக் குணமாக்குமா?

நேர்மறையாக நினைப்பவருக்குப் புற்றுநோய் குணமாகிவிடும், கவலைப்படுபவருக்கே அது முற்றும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் தொடர்ந்து பகிரப்படுகிறது. இது தவறு.

இக்கருத்துக்கு வலுவூட்டியது 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வாகும். உடலில் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களில், குழு ஆலோசனை பெற்றவர்கள் சராசரியாக இருமடங்கு காலம் வாழ்ந்ததாக அது கூறியது. ஆனால் அதே முறையைக் கனடாவில் 235 பெண்களிடம் சோதித்து 2001இல் வெளியான ஆய்வில், ஆலோசனை பெற்றோர் 17.9 மாதங்களும் பெறாதோர் 17.6 மாதங்களும் வாழ்ந்தனர். அதாவது ஆயுள் நீளவில்லை. எனினும் மனத்துயரும் வலியும் குறைந்தன, அதுவே சிறிய பயனன்று. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவும், மனநிலைக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பில்லை என்றே காட்டியது.

கீமோ முடித்துச் சோர்ந்து படுத்திருப்பவரிடம் "தைரியமில்லாததால்தான் இப்படி" என்பது, என் பார்வையில், நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமத்துவதாகும்.

உறவுகளின் பங்கு வேறு வழியில் வருகிறது. அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், மணமானவர்களுக்கு நோய் பரவுமுன்பே கண்டறியப்படுவதும் உரிய சிகிச்சை கிடைப்பதும் அதிகமாக இருந்தன. மருத்துவமனைக்கு உடன் செல்லவும் சிகிச்சை நாளை நினைவூட்டவும் ஒருவர் இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.