‘அப்படியே பொருந்தும்’ என்று சொன்ன வாய்

“அப்படியே பொருந்தும் சார். நான்கே போல்ட். அரை மணி நேர வேலை.”

முன்பக்கப் பம்பர் விற்ற கடைக்காரரின் இந்த மூன்று வாக்கியங்களை நம்பி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன் எழுதுகிறேன். வயிறு எரிகிறது. வீட்டு முற்றத்தில் என் மாருதி ஜிப்சி ஜீப் மூக்கறுபட்ட சூர்ப்பணகையாக நிற்கிறது.

நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. வண்டி 1998ஆம் ஆண்டினுடையது. தாண்டிக்குடிக்கு மேலே மாமாவின் காபித் தோட்டத்துக்குப் போக, தார்ச்சாலை முடிந்தபின் இரண்டு கிலோமீட்டர் மண் பாதை இருக்கிறது. மழை அறுத்துப் போட்ட பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பம்பரின் இரண்டு முனைகளும் போய் மண்ணில் குத்தும். டயருக்கு முன்னால் பம்பர் தரையைத் தொட்டால் அது வண்டியா, கலப்பையா? முனை குறுகலாக, கொஞ்சம் ஏற்றிக்கட்டிய பம்பர் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

கடைக்காரரிடம் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னேன், மேலே வளைவுக் கம்பி வேண்டாம் என்று. வந்த பார்சலைப் பிரித்தால், முகத்துக்கு நேரே கம்பி. காளை மாட்டின் கொம்பு தோற்றது. ஏன் வேண்டாம் என்றேன்? 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். குறுக்கே வரும் ஆள் தகட்டில் மோதுவதும் கனத்த இரும்புக் குழாயில் மோதுவதும் ஒன்றா? எங்கள் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். “அதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்?” என்றார் அவர். நான் பார்க்கிறேன் ஐயா, நான்!

(பம்பரையே மாற்றுவது மட்டும் சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அந்தக் கேள்வி என்னையும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.)

வாங்கிய பொருளின் பாதியை வெட்டி எறிவதில் முதல் ஞாயிறு போயிற்று. நாலு அங்குல கிரைண்டர், மூன்று கட்டிங் வீல், பக்கத்து வீட்டுப் பெரியவரின் “தம்பி, மத்தியானம் ஒரு மனுஷன் கண் அயர வேண்டாமா?” எல்லாம் சேர்த்துத்தான் செலவுக் கணக்கு.

இனி அந்த நான்கு போல்ட்.

முதல் போல்ட் வெண்ணெயாகக் கழன்றது. அதுதான் தூண்டில் புழு என்று அப்போது தெரியவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறி, மறுநாள் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தன. நான்காவது, ஓட்டுநர் பக்கத்தில் உள்ளே தள்ளி இருப்பது, ஸ்பேனரை வைத்ததும் திரும்பியது. எனக்குச் சந்தோஷம். திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. பத்துச் சுற்று, இருபது சுற்று. தலை ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் துரு விழ விழச் சுற்றுகிறேன், செக்குமாடு மாதிரி.

விஷயம் என்னவென்றால், அந்த இடத்தில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஒரு மூடிய பெட்டி. உள்ளே கை போகாது. அதனால் நட்டை முன்கூட்டியே உள்பக்கம் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான துரு அந்த வெல்டிங்கைத் தின்றுவிட்டது. போல்ட்டைத் திருப்பினால் நட்டும் கூடவே சுற்றுகிறது, புதுமாப்பிள்ளை பின்னால் மச்சான் சுற்றுவது போல. நட்டைப் பிடிக்க வழியில்லை. போல்ட்டின் தலையை அறுத்தேன். மிச்சம் நட்டோடு சேர்ந்து பெட்டிக்குள் விழுந்துவிட்டது. இப்போது பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சேஸிஸுக்குள் கொலுசுச் சத்தம் கேட்கிறது. என் மனைவி அதை ரசிக்கிறாள்.

சரி, மூன்று போல்ட்டிலாவது புதியதைத் தூக்கி மாட்டிப் பார்க்கலாம் என்று, ஒரு பக்கம் ஜாக்கியும் மறுபக்கம் மைத்துனரும் தாங்க, துளையைத் துளையோடு சேர்த்துப் பார்த்தேன். இடது பக்கம் சரி. வலது பக்கம் மூன்று நூல் தள்ளி நிற்கிறது. 9 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல். “அப்படியே பொருந்தும்!” எதன்மேல் பொருந்தும்? அவர் வீட்டு ஆட்டுக்கல்லின் மேலா? இத்தனை வருஷமாக ஒரே அளவில் நிற்கும் சேஸிஸ் அது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, டேப்பை வைத்து அளந்துவிட்டுத் துளை போட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்?

இரண்டாவது ஞாயிறு முழுக்க வட்ட அரமும் கையுமாக உட்கார்ந்து, வட்டத் துளையை அவரைக்கொட்டை வடிவத்துக்குத் தேய்த்தேன். அப்படித் தேய்த்த துளையில் போல்ட் நாளடைவில் நகரும் என்று தெரியும். அதனால் தடித்த வாஷர் ஒன்றை மேலே வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய மெஷினைப் போட்டால், சாயங்காலம் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கும் நேரம் அது. ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

எடைக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விளம்பரத்தில் 22 கிலோ. அரிசிக் கடைத் தராசில் வைத்தேன், கம்பியை வெட்டி எறிந்த பிறகும் முப்பத்தேழரை. நான்கு மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் 31.4 கிலோ வரும். எட்டாம் வகுப்புக் கணக்கு. அவ்வளவு தகட்டை மடக்கிவிட்டு 22 என்று எப்படி எழுதினார்கள்? இந்தக் கனம் முழுவதும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. ஏற்கெனவே களைத்துப்போன பட்டை ஸ்பிரிங் ஒரு விரல்கடைக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்துவிட்டது. நான்கு விரல் ஏற்றிக்கட்டக் காசு கொடுத்து, அதில் கிட்டத்தட்ட ஒரு விரலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். முகப்பு விளக்கு இப்போது சாலையைப் பார்க்காமல் பம்பருக்குக் கீழே எதையோ தேடுகிறது.

கடைக்காரரை அழைத்தேன். “உங்கள் வண்டி பழசு சார், சேஸிஸ் வளைந்திருக்கும்” என்றார். என் வண்டி வளைந்ததாம்! பழைய பம்பர் அதே துளைகளில் இத்தனை காலம் நேராகத்தானே நின்றது? பதில் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “வெட்டிவிட்டீர்களே சார்” என்றார். வேண்டாம் என்று சொன்ன கம்பியை அனுப்பி, அதை வெட்டவும் வைத்து, வெட்டியதே குற்றம் என்கிறார். இப்படி ஒரு சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் மல்லாந்து படுத்துக்கொண்டு துரு தின்கிறேன்?

மூன்றாவது ஞாயிறு நட்டுக்காகப் போயிற்று. சேஸிஸின் முன்வாய் வழியாகப் புது நட்டு ஒன்றை உள்ளே அனுப்பலாம் என்று கம்பியில் கட்டி நுழைத்தேன். ஒன்பது முறை விழுந்தது. பத்தாவது முறை நின்றது. போல்ட்டைப் பிடித்துத் திருப்பினேன். சுற்றியது.

பட்டைத் தகட்டின் நுனியில் நட்டை வெல்டிங் வைத்து, வால் போலப் பிடித்து உள்ளே நுழைத்தால் சுற்றாது. அதைச் செய்துதர லேத் பட்டறைக்காரர்தான் கதி. நாளைக் காலை அவரிடம் போகிறேன். போனதும் “வீட்டில் செய்யச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்பார். போன மாதம் இதே வேலைக்கு அவரிடம் ஐந்து முறை போய், ஐந்து முறையும் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பியவன் நான். நாளைக்கு அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறேன். நட்டு கைக்கு வந்த பிறகு.