மூன்று குரூஉ

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். உறவுக்காரப் பெண் ஒருத்தி தலாக் (மணவிலக்கு) ஆகி இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம்) இருந்தாள். உம்மா வழிச் சொந்தங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், ஷாஃபிஈ மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று). இத்தா முடிந்துவிட்டது என்றார்கள். அத்தா வழியில் ஹனஃபி, அது இன்னொரு மத்ஹப். இன்னும் சில நாள் இருக்கிறது என்றார்கள். நடுவில் ஒரு தம்பி, குர்ஆன் தமிழாக்கத்தில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, "மூன்று மாதவிடாய் என்று அல்லாஹ்வே தெளிவாகச் சொல்லிவிட்டான். இதில் எதற்கு ஹஜ்ரத், எதற்கு மத்ஹப்?" என்று எழுதினான். நிறைய பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அங்கே சுருக்கமாகச் சொன்னேன், எடுபடவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த வசனம் 2:228, அதாவது இரண்டாம் அத்தியாயத்தின் 228ஆம் வசனம். அரபியில் அங்கே "மாதவிடாய்" என்ற சொல் இல்லை. இருப்பது "ஸலாஸத்த குரூஉ", அதாவது மூன்று குரூஉ. குரூஉ என்பது குர்உ என்ற சொல்லின் பன்மை. அந்தச் சொல்லை அரபிகள் மாதவிடாய்க்கும் சொன்னார்கள், இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே வரும் சுத்தமான நாட்களுக்கும் சொன்னார்கள். ஒன்றுக்கு ஒன்று எதிரான இரண்டு பொருள், ஒரே சொல்லில். தமிழில் இதற்கு ஈடான சொல் கிடையாது. மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒரு பக்கம் போயே தீரவேண்டும், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது என்பதே தமிழில் படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இது ஏதோ இலக்கண விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான நாட்களில் தலாக் சொல்லப்பட்டால், மிச்சமுள்ள சுத்த நாட்களையே ஒரு குர்உ என்று ஷாஃபிஈ மத்ஹப் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது மாதவிடாய் தொடங்கியதும் இத்தா முடிந்தது. ஹனஃபி கணக்கில் அந்த மூன்றாவது மாதவிடாய் முழுதும் முடியவேண்டும். நடுவில் இருப்பது சில நாட்கள்தான். ஆனால் மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்காக இருந்தால், அந்தச் சில நாட்களில் கணவன் அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதே இதில்தான் தொங்குகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அது.

சரி, மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இதை எப்படி அணுகினார்கள்? "குர்ஆனை குர்ஆனைக் கொண்டே விளங்கு" என்பது தஃப்சீரின் (குர்ஆன் விரிவுரையின்) முதல் விதி. இரண்டு தரப்பும் அதையே செய்தார்கள், இரண்டு தரப்பும் போய் நின்றது 65ஆம் அத்தியாயத்தில். மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு மூன்று மாதம் இத்தா என்று 65:4 சொல்கிறது. மாதவிடாய் இல்லாததற்குப் பதிலாகத்தான் மாதம் வருகிறது, அப்படியானால் எண்ண வேண்டியது மாதவிடாயைத்தான் என்றது ஹனஃபி தரப்பு. அதே அத்தியாயத்தின் முதல் வசனம், பெண்களை அவர்களுடைய இத்தாவுக்கு ஏற்பத் தலாக் சொல்லுங்கள் என்கிறது. தலாக்கைச் சுத்தமான நாட்களில்தான் சொல்லவேண்டும் என்று நபித்தோழர் இப்னு உமர் (ரலி) விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே எண்ண வேண்டியது சுத்த நாட்களை என்றது ஷாஃபிஈ தரப்பு. ஒரே விதி, ஒரே அத்தியாயம், இரண்டு முடிவு. முதல்முறை இதைப் பாடத்தில் கேட்டபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தச் சொல்லின் பொருளுக்குச் சான்று தேடிக் கவிதைக்குப் போனார்கள். போர் போர் என்று அலைந்த ஒரு தலைவனைப் பற்றி அஃஷா என்ற பழைய அரபிக் கவிஞர், அந்தப் பயணங்களில் உன் மனைவியரின் குரூஉ வீணாய்ப் போயிற்று என்று பாடியிருக்கிறார். கணவன் பக்கத்தில் இல்லாமல் வீணாவது சுத்தமான நாட்கள்தானே என்று ஷாஃபிஈ தரப்பினர் அதையும் சான்றாக வைத்தார்கள். மறுதரப்பு, தொடர் உதிரப்போக்கு உள்ள பெண்ணிடம் உன் குர்உ நாட்களில் தொழுகையை விட்டுவிடு என்று சொல்லப்பட்ட ஹதீஸை (நபிமொழியை) வைத்தது. தொழுகையை விடுவது மாதவிடாயில்தானே.

இமாம் தபரீ (839–923) தன் தஃப்சீரில் இந்த இடத்துக்கு வரும்போது முதலில் ஒரு கூட்டத்தாரின் கருத்தையும், அதை யார் யார் வழியாகக் கேட்டோம் என்ற அறிவிப்பாளர் தொடரையும் வரிசையாக வைக்கிறார். பிறகு மற்றக் கூட்டத்தாருக்கும் அதேபோல. தன் முடிவைச் சொல்வதற்கு முன்னால் எதிர்த்தரப்பின் முழு வாதத்தையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்.

அவருடையது பெரிய நூல், அதில் எல்லாம் இருக்கும் என்று நினைக்கலாம். அப்படியானால் ஜலாலைனைப் பாருங்கள். நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கிற, மிகச் சுருக்கமான தஃப்சீர். ஜலாலுத்தீன் மஹல்லீ 1459இல் பாதியில் விட்டு மவ்த்தானதை (காலமானதை), அவருடைய மாணவர் ஜலாலுத்தீன் சுயூத்தீ இருபத்திரண்டு வயதுகூட நிறையாத இளைஞராக நாற்பது நாளில் எழுதி முடித்தார். நம் வசனம் வருகிற இரண்டாம் அத்தியாயமான அல்பகரா, சுயூத்தீ எழுதிய பகுதி. அவர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற அந்த நூலில், குரூஉ வரும் இடத்தில் சுத்தம் அல்லது மாதவிடாய் என்று எழுதி, பக்கத்தில் "கவ்லான்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். இரண்டு கருத்துகள் என்று பொருள். தன் மத்ஹபின் கருத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை.

குர்ஆனை எல்லோரும் நேரடியாகப் படிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் பிள்ளைகளையும் தமிழில் படிக்க வைக்கிறேன். ஆனால் ஒரு தமிழாக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு, ஆயிரத்து நானூறு வருடமாக நடக்கிற பேச்சை "எதற்கு" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு வலிக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்கியது பிற்கால மத்ஹபுகளும் அல்ல. உமர், அலீ, இப்னு மஸ்ஊத் (ரலி) ஒரு பக்கம், ஆயிஷா, ஸைத் பின் ஸாபித், இப்னு உமர் (ரலி) ஒரு பக்கம் என்று நபித்தோழர்களான ஸஹாபாக்கள் காலத்திலேயே தொடங்கியது அது.

கடைசியில் நாங்கள் ஒரு வயதான ஹஜ்ரத்திடம் போனோம். அவர் கிதாபைத் திறப்பதற்கு முன்னால், தலாக் எந்த நாளில் சொல்லப்பட்டது, நிக்காஹ் எந்த மத்ஹப்படி நடந்தது என்று கேட்டார். கால் மணி நேரத்தில் எல்லாம் தெளிவானது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தப் பெண்ணுக்கு, இமாம் மாலிக்கின் ஹதீஸ் நூலான முவத்தாவில் வருகிற ஒரு செய்தியைச் சொன்னேன். ஆயிஷா நாயகி (ரலி) தன் சகோதரர் மகள் ஹஃப்ஸாவுக்கு மூன்றாவது மாதவிடாய் தொடங்கியதும் இத்தா இருந்த வீட்டிலிருந்து அழைத்துவந்துவிட்டார்கள். சிலர் இதே வசனத்தைக் காட்டி அவர்களிடம் தர்க்கம் செய்தார்கள். "நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் குரூஉ என்றால் என்னவென்று தெரியுமா? அது சுத்தமான நாட்கள்" என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதில எல்லாம் பெண்களும் பேசியிருக்காங்களா காக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் முவத்தாவின் அந்தப் பக்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.